இனி இது என் படகு

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை பத்தே காலிலிருந்து நான் ஒரு கப்பற்படைக்கு அதிபதி. படையில் இப்போதைக்கு ஒரே ஒரு பாய்ப்படகுதான். இருபத்திரண்டு அடி நீளம், முப்பது வயது, இன்னொருவர் ஓட்டித் தேய்த்தது. அதனால் என்ன? மேல்தட்டில் நான் காலை வைத்ததும் துறையில் நின்ற மற்ற படகுகளெல்லாம் நடுங்கியதை என் கண்ணால் கண்டேன். காற்று என்கிறாள் வீட்டுக்காரி.

அவள் படகை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கை கழுவ எடம் எங்க?" என்றாள். சுற்றியிருந்த தண்ணீரைக் காட்டினேன்.

விற்றவரை ஊரே டாக்டர் என்கிறது. உண்மையில் பிசியோதெரபிஸ்ட். முதுகு பிடித்தவன், கழுத்து திரும்பாதவன், விழுந்து எழுந்தவன் எல்லாரும் அவரிடம்தான் போகிறார்கள். இப்போது கண் போய்க்கொண்டிருக்கிறது. பார்வையின் நடுவில் இருப்பது தெரியாதாம், ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியுமாம். என்னோடு பேச வேண்டுமென்றால் என் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவரைப் பார்த்துப் பேசுகிறார். நானும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

விற்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் இதை ஓட்டணும். நீங்க சும்மா கூட உக்காந்தா போதும்." தாராளமாக என்றேன். சக்கரவர்த்திகள் கொடுத்த வாக்கை மீறுவதில்லை. தேதி மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 4, புதன்

திரைச்சீலைக் கடையில் முப்பத்தோரு வருடம் துணி அளந்தவன் நான். பாய் என்பது என்ன? திமிர் பிடித்த திரைச்சீலை. பதினைந்து நிமிடத்தில் அடக்கிவிடலாம்.

மார்ச் 8, ஞாயிறு

அடங்கவில்லை.

மச்சானைக் கூட்டிப்போனேன். என் மனைவியின் தம்பி, கணக்கு வாத்தியார். அவன் உட்கார்ந்த பக்கம் படகு சாய்ந்தது. எடையை வைத்துச் சமன் செய்ய நாங்கள் நாலு பேரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. சரி, நாலு பேர் இல்லை. ஆனால் சாய்ந்தது. அவனைத் துணைத் தளபதியாக நியமித்தேன்.

"மாமா, இதுல எந்தக் கயிறு எதுக்கு?"

"தளபதி கேள்வி கேக்கக் கூடாது."

பாய்மரத்திலிருந்து மூன்று கயிறுகள் இறங்கி, நாம் உட்காரும் இடத்துக்கு வந்து, கயிற்றை நழுவாமல் பிடிக்கும் மூன்று பூட்டுகளுக்குள் வரிசையாக நுழைகின்றன. மூன்றும் ஒரே வெள்ளை, ஒரே தடிமன். ஒன்றை இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றை இழுத்தேன், பாயின் அடியில் இருக்கும் உலோகக் கட்டை என்னைக் கும்பிடுவது போல் மேலே எழுந்தது. துறைக் காவலாளி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "ஆமாங்க, டாக்டர் படகுதான். உள்ள யாரோ ஒருத்தர் இருக்காரு."

யாரோ ஒருத்தர்!

மார்ச் 11, புதன்

டாக்டர் தினமும் துறைக்கு வருகிறார். மதியம் கிளினிக் மூடியதும் குச்சியைத் தட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பா மாதிரி.

இன்று, "படகுக்கு ரோஸ் கலர் அடிச்சாச்சு டாக்டர்" என்று விட்டேன். "அடியில மஞ்சள் பூப் போட்டிருக்கு."

முகம் ஒரு நொடி சுருங்கியது. ஆகா, என்ன காட்சி! பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"பெயின்ட் வாசனையே வரலையே. பொய் சொல்றதுக்கு முன்னாடி ஒரு டப்பாவையாவது திறந்து வச்சிருக்கணும் நீங்க."

காவலாளி சிரித்தான். நானும் சிரித்தேன். என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

அவமானம். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பாயை ஏற்றத் தெரியாமல் முக்கால் மணி நேரம் தடுமாறினேன். பக்கத்துப் படகுக்காரர்கள் காபியோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் பெஞ்சிலிருந்து எழுந்து, "நான் வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், ஆனாலும் மூடிக்கொண்டார். விரல் கயிற்றின் நுனியைத் தேடிப் போனது. சர்ரென்று பெரிய பாய் மேலே.

"ஒவ்வொரு நுனியிலயும் முடிச்சு போட்டிருக்கேன், பாருங்க. ஒத்தை முடிச்சு பெரிய பாய். ரெண்டு முடிச்சு முன்பாய். மூணு முடிச்சு இந்தக் கட்டையை மேல தூக்கிப் பிடிக்கிற கயிறு. பாயை இறக்கறதுக்கு முன்னாடி இதை இழுத்துப் பூட்டிடணும், இல்லைன்னா கட்டை தலையில விழும். கண்ணே வேண்டாம். வெரல் பொய் சொல்லாது."

கை தட்டினார்கள். என் படகில். காவலாளி கத்தினான்: "டாக்டர் சார், ஓனருக்கும் ஒரு முடிச்சு போட்டு விடுங்க, தொலைஞ்சிடப் போறாரு!"

மார்ச் 16, திங்கள்

கடைக்குப் போகும் வழியில் துறைக்குப் போனேன். மூன்று நுனிகளிலும் இருந்த முடிச்சுகளை அவிழ்த்தேன். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்தவை. ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டியிருந்தது. வழவழவென்று மூன்று வெள்ளை நுனிகள். இப்போது பார்ப்போம், யார் யாருக்குக் கயிற்றுப் பாடம் நடத்துகிறார்கள் என்று. இனி என் படகில் நான் தடுமாறுவது போல்தான் எல்லாரும் தடுமாற வேண்டும். இதுதான் சமத்துவம்.

நாள் முழுக்கச் சந்தோஷம். இரண்டு வாடிக்கையாளர்களுக்குத் தவறான அகலத்தில் துணி வெட்டிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டர் கடைக்கே வந்துவிட்டார். நாளை மறுநாள் காற்று நன்றாக இருக்குமாம், போகலாமா என்றார். சாக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் தோள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

மகள் கிளினிக்கை மூடச் சொல்கிறாள். தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். கண் தெரியாத ஆள் இன்னொருத்தர் கழுத்தைப் பிடித்துத் திருப்புவது ஆபத்து என்கிறாள். "அவ சொல்றதும் தப்பில்லை. எனக்கே பயமா இருக்கு. அதனால எனக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணிருக்கேன். ஞாயித்துக்கிழமை நான் அந்தப் படகை ஒழுங்கா கொண்டுபோய்க் கொண்டுவந்து நிறுத்திட்டா, கிளினிக் நடக்கும். எங்கயாவது வெரல் தப்பிச்சுன்னா, அவகூடப் போயிடறேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"அதெல்லாம் பிரமாதமா ஓட்டுவீங்க டாக்டர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 21, சனி

காலையிலேயே போய் முடிச்சுகளைத் திரும்பப் போட்டேன். நான் ஒன்றும் அரக்கன் இல்லை.

ஒற்றை முடிச்சு சுலபம். பெரிய பாயின் கயிறு எது என்று ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பார்த்திருந்தேன். மற்ற இரண்டில் எது முன்பாய், எது கட்டைக் கயிறு? மேலே அண்ணாந்து பார்த்தேன். இரண்டும் பாய்மரத்துக்குள்ளேயே போய் மறைகின்றன. இழுத்துப் பார்த்திருக்கலாம். காவலாளி அங்கேயே நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அவன் முன்னால் இழுத்து, மறுபடியும் அந்தச் சிரிப்பைக் கேட்கவா? டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் அவிழ்த்தீர்கள் என்பார்.

நடுவில் இருந்தது முன்பாய் என்றுதான் ஞாபகம். ஆமாம், நடுவில்தான். ரெண்டு முடிச்சு, மூணு முடிச்சு. போட்டாயிற்று.

நடுவில்தானே?

மார்ச் 22, ஞாயிறு

மச்சானுக்குத் தோளில் எலும்பு முறிவு. இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அவன் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்.

நான், டாக்டர், மச்சான். காற்று பலமாக இருந்ததால் முன்பாய் வேண்டாம், பெரிய பாய் மட்டும் போதும் என்றார் டாக்டர். நான் கம்பீரமாக மூன்று பூட்டையும் திறந்துவிட்டு, பாயை ஏற்றி, அந்த ஒன்றை மட்டும் பூட்டினேன். அவர் சுக்கானைப் பிடித்தார். அந்த மனிதர் ஓட்டியதை என்னவென்று எழுத! கன்னத்தில் காற்று படுவதை வைத்தே திருப்பினார். படகு அவர் பேச்சைக் கேட்டது. என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. ஒன்றரை மணி நேரம். மச்சான்கூட வாந்தி எடுக்கவில்லை.

துறைக்கு வந்து காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார். சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு, பாயை இறக்கக் கயிறுகளிடம் போனார். விரல் மூன்று முடிச்சைக் கண்டுபிடித்தது. இழுத்தார். கயிறு விறைத்தது. பூட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை அசையவே இல்லை. அசையவில்லை என்பதை நான் பார்த்தேன். "டாக்டர், நிறுத்துங்க" — மூன்று வார்த்தைகூட இல்லை. சொல்லவில்லை. எப்படியாவது சரியாகிவிடும் என்று நினைத்தேனா? தெரியல. எனக்கே தெரியல.

ஒற்றை முடிச்சை விட்டார். பாயும் கட்டையும் சேர்ந்து இறங்கின. கீழே மச்சான்.

அவன் கத்திய கத்து. டாக்டர் தவழ்ந்துபோய் அவன் தோளைத் தொட்டார். நாலு விரல், ஒரே நொடி. "காறை எலும்பு. நடுவுல முறிஞ்சிருக்கு. கையை அசைக்காதீங்க வாத்தியாரே." சட்டையைக் கழற்றிக் கட்டுப் போட்டார். எக்ஸ்ரேயில் அவர் சொன்ன அதே இடம், அதே எலும்பு.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே தடவிக்கொண்டிருந்தார். "மூணு முடிச்சைத்தான் புடிச்சேன். மூணுன்னுதான் எண்ணினேன். ரெண்டு போல இருக்கு. எண்ணத் தெரியலை எனக்கு."

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிடலாம்.

மார்ச் 24, செவ்வாய்

மச்சானைப் பார்க்கப் போனேன். கையைக் கழுத்தோடு கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தான். கணக்கு வாத்தியார் மூளை. வலி மாத்திரையிலும் அது தூங்கவில்லை.

"மாமா, அந்த முடிச்சு புதுசா இருந்துச்சே. நான் பார்த்தேன். மத்த இடமெல்லாம் அழுக்கு, முடிச்சுகிட்ட மட்டும் வெளுப்பா, பழைய மடிப்பு மாறிக் கெடந்துச்சு."

"மருந்து மயக்கத்துல ஒளறாத."

"மயக்கம் கட்டை விழுந்தப்புறம்தான் மாமா வந்துச்சு. இதை அதுக்கு முன்னாடியே பார்த்தேன்."

கிளம்பும்போது என் வாழ்க்கையிலேயே மிகக் கேவலமான நகைச்சுவையைச் சொன்னேன்: கட்டை விழுந்ததில் கட்டைக்குத்தான் சேதம், அதற்கு யார் கட்டுப் போடுவது என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவன் மனைவி கதவைச் சாத்தினாள். நான் இன்னும் படியில்தான் நின்றிருந்தேன்.

மார்ச் 25, புதன்

தம்பி அக்காவிடம் சொல்லிவிட்டான். வீட்டுக்காரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் நாளைக்குக் கிளினிக்குக்கு வர்றவங்களை எல்லாம் வேண்டாம்னு சொல்லப் போறாராம். நீங்க போயி நடந்ததைச் சொல்லுங்க. உங்க வெரல்ல தப்பில்லை, என் புத்தியிலதான் தப்புன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம்."

"நாளைக்கு."

"இன்னைக்கு."

மார்ச் 26, வியாழன்

போனேன். கிளினிக் வாசலில் ஏழெட்டு பேர். டாக்டர் ஒவ்வொருவரையும் கை கூப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர், "தொட்டாவது பாருங்க டாக்டர்" என்று கழுத்தை நீட்டினார். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

என் குரல் கேட்டதும் முகம் திரும்பியது. "வாங்க. உங்க மச்சானுக்கு எப்படி இருக்கு? மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாய் வரலை. நல்லவேளை, நீங்க அன்னைக்கு என்னை ஓட்ட விட்டீங்க. இல்லைன்னா ஒரு நாள் இங்க, இந்த மேஜையில, யாரோட கழுத்தையாவது ஒடிச்சிருப்பேன். நீங்க எனக்குச் செஞ்சது பெரிய உபகாரம்."

அவர் மகள் உள்ளேயிருந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நிம்மதியில்.

காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

வீட்டில்:

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

அவள் நிம்மதியாகக் காய் நறுக்கப் போனாள். இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சின்னது எதுவும் இல்லை. வழக்கமாக யானையைக் கொண்டுவந்து நிறுத்துவேன், யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

பாயை நானே ஏற்றினேன். நானே இறக்கினேன். கட்டையைத் தூக்கும் கயிறு நடுவில் இருப்பது.

மே 3, ஞாயிறு

டாக்டரின் மகள் போன் செய்தாள். தன் வீட்டில் அப்பாவுக்கு ஒதுக்கிய அறையில் மாலை வெயில் நேராக அடிக்கிறதாம், கனமான திரைச்சீலை வேண்டுமாம். கடைப் பையனை அனுப்பாமல் நானே போனேன்.

ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கைகள் மடியில் கிடந்தன. உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவள் உள்ளே போனதும் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. அன்னைக்கு நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் உண்மையிலேயே எதைப் புடிச்சேன்?"

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன்.

"ரெண்டு முடிச்சுதான் டாக்டர். பக்கத்துல பக்கத்துல இருக்கு இல்ல. யாருக்கும் வர்ற தப்புதான்."

"ரெண்டுதானா" என்றார். தலையை ஆட்டினார்.

அகலம் நாலடி மூன்று அங்குலம். உயரம் ஐந்தடி. இரண்டு தடவை அளந்தேன், இரண்டு தடவையும் அதேதான் வந்தது. வியாழக்கிழமை மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.