துரைசாணிக்கு விழுந்த சொட்டை

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுவது. சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று போனில் நீ இருமிய இருமலிலேயே தெரிந்துவிட்டது. வெந்நீர் குடி. தினமும் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு அங்கே குளிரா, மழையா என்று ஆரம்பித்துவிடுவார். அதோடு, இதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம். எழுதி முடித்ததும் படம்பிடித்து அனுப்பிவிடுவேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

விஷயம் நம் பூனை துரைசாணியைப் பற்றியது. நீ வேலைக்கு வெளியூர் கிளம்பி இரண்டு மாதம் கழித்துத்தான் அவள் தன்னையே நக்க ஆரம்பித்தாள். வாலடியில் ஒரு சொட்டை, வயிற்றில் இன்னொன்று, கழுத்தில் கடுகு கடுகாகப் பொருக்கு. மடியில் தூக்கி வைத்தால் பாதி உரித்த கோழி மாதிரி இருந்தாள். எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்கம்ங்க. பொண்ணு போன துக்கம், வேறென்ன?" என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் தீர்ப்புச் சொல்லாத வீடு இந்தக் கட்டடத்தில் இல்லை. அதை நான் அப்படியே உனக்கு ஓதினேன். நீ அழுதாய். மறுநாளே, "நிரந்தர வேலையெல்லாம் வேணாம்மா, வர்ற மாசம் முதல் வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல சொல்லிட்டுக் கிளம்பி வந்துடறேன்" என்றாய்.

பெற்றவள் பதறியிருக்க வேண்டும். நான் உன் அறையைப் பெருக்கினேன். பெருக்கும்போது பாட்டு வேறு. உன் அப்பா அக்கம்பக்கத்தை நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

நாலு நாள் கழித்து அவர்தான் பிடிவாதமாக எங்கள் இருவரையும் மிருக டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். அதட்டல் மட்டும் என் வயசுக்காரி மாதிரி. ஏக்கம் என்றதும் கையமர்த்தினாள். "அது கடைசிம்மா. மத்தது ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் அந்தப் பேரை வைக்கணும்." தோலில் படையா என்று முடியைப் பிடுங்கிப் பார்த்தாள், இல்லை. சாப்பாட்டைக் கேட்டாள். பூனைத் தீனி தவிர வேறெதுவும் தருவதில்லை என்று என்னிடம் சத்தியம் செய்திருந்த உன் அப்பா, அவளிடம் அவித்த முட்டை, மீன், கிரீம் பிஸ்கட் என்று ஒப்புவித்தார். "இது பூனையா, விருந்தாளியா?" என்றாள்.

அப்புறம் வெள்ளைக் காகிதத்தை விரித்துப் பல் நெருங்கிய சீப்பால் வாரினாள். மிளகுத்தூள் மாதிரி ஏதோ உதிர்ந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றியதும் அது சிவப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சமாம், அது குடித்த ரத்தமாம். பூச்சியையே காணோமே என்றேன். நக்கி நக்கி இவளே விழுங்கிவிடுகிறாளாம். அதன் எச்சில் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு கடியே போதுமாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க பூனை வாசப்படி தாண்டினதில்ல. மூணாவது மாடி!" என்றேன்.

"பூனை தாண்ட வேண்டாம்மா, நீங்க தாண்டினாப் போதும். வேற நாய், பூனையைத் தொடறவங்க வீட்ல யாராவது உண்டா?"

"யாருமில்ல" என்றேன், கண் கொட்டாமல். உன் அப்பா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா குனிந்து என் பாதத்தைப் பார்த்தாள். கணுக்காலில் என்ன என்றாள். புதுச் செருப்பு கடித்தது என்றேன். "செருப்பு மூணு மூணா வரிசை வச்சுக் கடிக்காதும்மா."

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். என் காலில் இருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். நீ போனதிலிருந்து, கடை விட்டு வந்ததும் நான் நேரே மேலே போவதில்லை. கீழ்ப்படியில் அரை மணி உட்கார்ந்துவிடுவேன். உன் அப்பா எட்டு மணிக்குத்தான் வருவார். கதவைத் திறந்தால், "ஏன் லேட்டு, பசிக்குது" என்று கத்த ஆளில்லை. காவல்காரரின் நாய், நாம் சோம்பேறி என்று கூப்பிடுவோமே அதுதான், வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொள்ளும். அதன் தெள்ளுகளைத் துணியில் ஏற்றிக்கொண்டு, லிப்டில் மூன்று மாடி கூட்டிவந்து விட்டிருக்கிறேன். கடையில் கூட்டம் என்று உன் அப்பாவிடம் புளுகிக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாள் சீக்கிரம் வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் ஏறிப் போயிருக்கிறார். இதுவும் அன்றுதான் தெரிந்தது.

துரைசாணிக்குப் பிடரியில் சொட்டு மருந்து, மாதம் ஒருமுறை. சோம்பேறிக்கும்தான், காவல்காரர் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மாவே வந்து மருந்தை ஊற்றினாள். முட்டை வீட்டுக்குள் பதுங்கியிருக்கும் என்று மூன்று மாதம் பெருக்கித் துடைக்கச் சொல்லியிருக்கிறாள். இப்போதே சொட்டையில் மூன்று நாள் தாடி மாதிரி முளைத்திருக்கிறது. உன் அப்பா தன் தலையைத் தடவிக்கொண்டு அவளைப் பொறாமையோடு பார்க்கிறார்.

இனி கஷ்டமான பகுதி. இதெல்லாம் தெரிந்து பத்து நாளாகிறது. தினமும் நீ அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். அப்படியேதான் இருக்கிறாள் என்றேன். வீடியோவில் அவள் மூஞ்சியை மட்டும் காட்டினேன். முடி முளைத்ததைப் பார்த்தால் நீ வரமாட்டாயே.

நேற்று உன் அப்பா சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? அவ வேலையைத் தின்னுட்டு நமக்குச் செரிக்குமா?" என்றார். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உயர்த்தியும் எனக்குப் பாதிதான் கேட்டது, அது வேறு.

அதனால் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஏக்கம் கீக்கம் ஒன்றுமில்லை. நன்றாகத் தின்கிறாள், நாள் முழுக்கத் தூங்குகிறாள், உன் பேரைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை அந்த நிரந்தர வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போடு. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். லீவு கிடைக்கும்போது வா. வருவதற்குக் காரணம் எதுவும் தேட வேண்டாம்.

வீட்டுத் துணியெல்லாம் வெந்நீரில் போட்டு அலசியாயிற்று. உன் தலையணை உறை ஒன்றுதான் பாக்கி. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன், பூனைக்கு எட்டாது. அலசினால் சோப்பு வாசனைதான் வரும். நீ கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல், கண்ணு. அன்றைக்கே அதையும் வெந்நீரில் போட்டுவிடுகிறேன்.

நோய் நொடியில்லாமல் நல்லா இரு.

உன்
அம்மா