குவைத்துக்குப் போன அம்மா

கரியாலூர்
18 ஜனவரி 2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பி எட்வினுக்கு அக்கா ஆனந்தமேரி எழுதறது. நாலாவதோட பள்ளிக்கூடத்த வுட்டவள புள்ளைக்குத் துணையா சூட்டிங்குக்கு அனுப்பி இந்த வயசுல பேனா புடிக்க வெச்சிட்ட, நல்லா இரு. இங்க டவர் கெடையாது. சூட்டிங் சமையல் வண்டி ஓட்டற பூமாலை காய் வாங்க தெனமும் கச்சிராயபாளையம் எறங்கறாரு. அவரு கையில குடுத்து வுடறேன், பதிலயும் அவருகிட்டயே குடு.

உம் பொண்ணு ஏஞ்சலின் பேய் புடிச்ச புள்ளையா நல்லாவே நடிக்கிறா. உங்கப்பன் மாதிரி முழின்னு சொன்னேன், முழிச்சா, டைரக்டர் இளஞ்செழியன் கையே தட்டிட்டாரு. பட்டப்பகல்ல ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி ராத்திரி பண்றாங்க. இந்த மலையில பனி பத்தலன்னு பொகை வேற போடறாங்க. வெளிய பனி, உள்ள பொகை, நடுவுல என் இருமல். காலையில ஆறு மணிக்கு ஒக்காந்தா சாயங்காலந்தான் பாப்பாவ ஒரு வார்த்த பேச வைக்கிறாங்க. பேயா வர்ற அபிநயா நேத்து பல்லிக்குப் பயந்து நாற்காலி மேல ஏறிக்கிச்சு. எறக்கறதுக்கு நான் போவ வேண்டியதாயிடுச்சு.

கதையில இந்தப் புள்ளையோட அம்மா செத்துப்போயி, பேயா வந்து கூப்புடறா. புள்ள காலி வாசப்படியப் பாத்து "அம்மா, உள்ள வா"ன்னு சொல்லணும். அதத்தான் என்னால பாக்க முடியல. சாப்புட ஒக்காந்தா என்கிட்டயும் தெனம் கேக்குது, அம்மா குவைத்துலேருந்து எப்ப வரும்னு. ஜெனிபர அடக்கம் பண்ணி பதினாலு மாசம் ஆவுது. அப்ப அம்மை போட்டு என் வூட்ல கெடந்த புள்ளைகிட்ட நீ ஒரு தடவ சொன்ன பொய்ய நான் தெனமும் சோத்துல பெசஞ்சு ஊட்டிக்கினு இருக்கேன். அலுத்துப்போச்சு எட்வினு. நான் சொல்லிடட்டா?

அக்கா
ஆனந்தமேரி


கச்சிராயபாளையம்
20 ஜனவரி 2025

அக்காவுக்கு,

கடிதாசி கெடச்சது. கரும்பு வெட்டு நடக்குது, நிமிர நேரமில்ல. சொல்லிடாத அக்கா, உன் கால்ல வுழறேன். தாங்க மாட்டா. ஈஸ்டர் ஆவட்டும், நானே சொல்றேன். அவ மனசு கொஞ்சம் மாறட்டும்னுதான் சினிமாவுக்கே அனுப்பினேன். கதைய முழுசாக் கேக்காம தலையாட்டிட்டேன், என் தப்புதான். ஸ்வெட்டர் ஒண்ணு குடுத்து வுட்டிருக்கேன். அம்மா அனுப்பினதுன்னு சொல்லு.

எட்வின்


கரியாலூர்
23 ஜனவரி 2025

மரியே வாழ்க.

தம்பிக்கு,

ஸ்வெட்டர் சரியா இருக்கு. அம்மா அனுப்பிச்சான்னுதான் சொன்னேன். பாப்பாவும் சிரிச்சிக்கினே வாங்கிப் போட்டுக்கினா. அது முந்தாநேத்து.

இன்னிக்கு அபிநயாவ பொணமா படுக்க வெச்சி எடுத்தாங்க. மாலை, ஊதுவத்தி எல்லாம் இருந்துது. எடுத்து முடிச்சதும் டைரக்டர் அவள சிரிச்சிட்டு எழுந்திருக்கச் சொன்னாரு. இவங்க தொழில்ல அது ஒரு வழக்கமாம். பொணமா நடிச்சவங்க அந்தக் கேமராவப் பாத்து சிரிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும், இல்லன்னா ஆவாதாம். அவ ஈன்னு காட்டினா, எல்லாரும் சிரிச்சோம். பாப்பா மட்டும் சிரிக்கல. மெதுவா வந்து என் மடியில சாஞ்சிக்கினு கேட்டா:

"எங்கம்மாவ படுக்க வெச்சப்ப யாரும் சிரிக்கச் சொல்லலியா அத்தை?"

அவள நிமிர்த்தி மடியில ஒக்கார வெச்சேன்.

எப்பத் தெரியும்னு கேட்டேன். நவம்பர்லயே தெரியுமாம். மொத வருஷப் பூசைக்கு கோயில்ல பேரு எழுதிக் குடுத்தது நீதான? ஃபாதர் அத மைக்குல படிச்சாரு, "மரித்த ஜெனிபரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, கணவர் எட்வின்"னு. நீயும் நானும் கடைசில முட்டிபோட்டுக்கினு கண்ண மூடிக்கினு இருந்தோம். சின்னப் புள்ளைங்கள மொத வரிசையில ஒக்கார வெப்பாங்களேன்னு நம்ம ரெண்டு அறிவாளிக்கும் தோணல.

அப்புறம் ஏன்டி தெனமும் கேட்டன்னேன். "நான் கேக்காம வுட்டா எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அப்பா கண்டுபுடிச்சிடும். அப்பா அழும்"னா.

உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சிலுவ போட்டு சத்தியம் பண்ணிட்டு அந்தக் கையாலயே எழுதறேன். அத ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல பாத்துக்கறேன்.

சனிக்கிழமையோட அவ வேலை முடியுது. கடைசியா எடுக்கறது, வாசப்படியில நிக்கிற அம்மாவ "நீ போம்மா"ன்னு அனுப்பற காட்சி. அதுக்கு முன்னாடி மலையேறி வந்துடு. எட்டு வயசுப் புள்ள உன்னக் காப்பாத்திக்கினு இருக்குது. அதுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

அக்கா


கச்சிராயபாளையம்
24 ஜனவரி 2025

அக்கா,

பூமாலைய நிக்க வெச்சிட்டு எழுதறேன். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வரேன்.

இத்தினி நாளும் அழறதுக்கு நான் பம்புசெட்டுக்குப் போய்க்கினு இருந்தேன், மோட்டார் சத்தத்துல பாப்பாவுக்குக் கேக்காதுன்னு. அவ எங்க போயி அழுதாளோ தெரியல.

வந்து இன்னா பேசறதுன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல. அம்மா செத்துப்போச்சுன்னு அவளுக்கு என் வாயால ஒரு தடவ சொல்லணும். அத மட்டும் சொல்றேன். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் அழுவோம். அந்த ஒரு நாள் மட்டும் எங்கள சிரிக்க வைக்காத அக்கா.

எட்வின்