நாற்பத்தோரு நாள் தம்பி

உ
தென்காசி,
மார்கழி 18

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், என் கால் வெடிப்பு ஒன்றைத் தவிர, சௌக்கியம். அங்கே ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க நம் காசி விசுவநாதரையும், இந்த வருஷம் புதிதாகச் சேர்த்துக்கொண்ட ஐயப்பனையும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் ஒரு மஞ்சள் மூஞ்சியை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை, இதில் உன் சித்தப்பா சிவசைலம் வருகிறான். உள்ளே தனியாக மடித்து ஒட்டிய உறையில் ஒரு போட்டோ இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்காதே. உன் அவசர புத்தி எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான்.

உன் கல்யாண ஆல்பத்தில் நான் ஒரு போட்டோவில்கூடச் சிரிக்கவில்லை, மகளைப் பிரிகிற துக்கம் என்று உன் மாமியார் வீட்டில் பெருமையாகச் சொல்வார்களாம். துக்கமும் இருந்தது, ஆனால் காரணம் அது இல்லை. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் வந்த விருந்தாட்களைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம் அல்லவா, அன்றைக்குத்தான் அருவி என் பல்செட்டைக் கொண்டுபோனது. தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து ஆவென்று வாயைத் திறந்தேன், மேல்வரிசை போன இடம் தெரியவில்லை. அண்ணாச்சி, பல்லைக் கழத்தி என்கிட்ட குடுத்துட்டுப் போங்க என்று உன் சித்தப்பா முன்கூட்டியே கேட்டது உண்மை. உன் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவாய் என்று நான் சொன்னதும் உண்மை. அதற்காக, பந்தியில் இலை இலையாகப் போய், எங்க அண்ணாச்சி அருவியக் கடிக்கப் போயி பல்லை விட்டுட்டு வந்துட்டாவ என்று சொல்லலாமா? மாப்பிள்ளையின் தாத்தா சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, பாயசத்தை என் பட்டு வேட்டியில் துப்பினார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஆறு வருஷம். எதிர் வீடு. காலையில் அவன் வாசலுக்கு வந்தால் நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன், பேப்பர் வராத நாளில் பஞ்சாங்கம்.

சரி, ஐயப்பனுக்கு மாலை போட்ட கதைக்கு வருகிறேன். சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் டாக்டர் நாக்கைக் கட்டச் சொன்னார். டாக்டருக்குப் பயந்து எந்த நாக்கு கட்டுப்பட்டிருக்கிறது? சாமிக்குப் பயந்தாவது இருங்க என்று உன் அம்மா பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக, கார்த்திகை ஒன்றாம் தேதி விடியற்காலை என்னைக் கோயிலுக்கு அனுப்பினாள். பஞ்சர் கடை ஆவுடையப்பன்தான் குருசாமி, இருபத்துமூன்று வருஷம் மலைக்குப் போனவர். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், துளசி மாலை கழுத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் கறுப்பு வேட்டியோடு உன் சித்தப்பா! அவனுக்கு இது மூன்றாவது வருஷமாம், எதிர் வீட்டில் இருந்துகொண்டு எனக்கே தெரியாது. பேப்பரை இறக்கியிருந்தால்தானே தெரியும். திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் மாலை விழுந்துவிட்டது. கன்னிசாமி மூத்த சாமிகள் காலில் விழணும் என்றார் குருசாமி. இவன் என்னைவிட ஐந்து வயது இளையவன் என்றேன். மாலை போட்டாச்சுன்னா அண்ணன் தம்பி எல்லாம் கெடையாது, எல்லாரும் சாமிதான், விழும் சாமி என்றார். நான் குனிந்தேன். அண்ணன் தன் காலில் விழக் கூடாதென்று அவனும் அதே நேரம் குனிந்தான். நடுவில் தலையும் தலையும் மோதிய சத்தம் கோபுரம் வரை கேட்டிருக்கும். இருவரும் ஒரே குரலில் சாமி சரணம் என்றோம். ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான். ஆனால் ஒன்று, நான் அவனோடு பேசவில்லை, சாமியோடுதான் பேசினேன்.

விரதம் என்றால் விரதம். இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, வெறுங்கால், பாயில் படுக்கை. பார்க்கிறவரையெல்லாம் சாமி என்று கூப்பிட்டுப் பழகி, வாசலில் படுத்திருந்த நாயையும் சாமி, கொஞ்சம் தள்ளிப் படுங்க என்று சொல்லிவிட்டேன். பெண்களை மாளிகைப்புறம் என்று கூப்பிட வேண்டும். மாளிகைப்புறம், காபி கிடைக்குமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். என்னய அப்படிக் கூப்பிடாதீய, கேரளாவுல எவளையோ கூப்பிடுத மாதிரி இருக்கு என்று டம்ளரை ணங்கென்று வைத்தாள். செங்கோட்டை வரை ஒரு வேலையாகப் போனபோது புரோட்டாக் கடை வாசலில் கோழிச் சால்னா மணம் வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு சரணம் சொன்னேன், பக்கத்தில் வந்த சிவசைலம் சாமி என் மூக்கைத் துண்டால் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். போனான். இந்த மரியாதைதான் இன்னும் குழப்புகிறது.

மலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீலிமலை ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அவன் தன் இருமுடியோடு, கையில் என் பையையும் வாங்கிக்கொண்டு, எழும்பும் சாமி, எழும்பும் சாமி என்று முதுகில் கையைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே வந்தான். நிழலில் உட்கார வைத்து என் காலைப் பிடித்துவிட்டான். வெடிப்பில் தேய்க்கத் தேங்காயெண்ணெய்கூடக் கொண்டுவந்திருந்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது ஸ்ரீமதி. ஊருக்குப் போய் மாலையைக் கழற்றினால் இந்தச் சாமி போய்விடும், எதிர் வீட்டுக்காரன் திரும்பி வந்துவிடுவான். அப்புறம் எனக்குப் பேப்பர்தான்.

அதனால் திரும்பி வந்தும் மாலையைக் கழற்றவில்லை. நாள் சரியில்லை என்றேன். மறுநாள் முதுகு பிடித்திருக்கிறது என்றேன், மாலை கழற்றுவதற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அம்மா கேட்டாள், நான் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டேன். நாலாம் நாள் கோலம் போடுகையில் எதிர் வாசலில் உன் சித்தியிடம் புலம்பியிருக்கிறாள். உன் சித்தி சொன்னாளாம், இங்கயும் அதே கூத்துதான் அக்கா, கழத்துனா அண்ணாச்சி பேச மாட்டாவன்னு இவிய கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காவ என்று. அவ்வளவுதான். உன் அம்மா நடுத்தெருவில் கோலப்பொடியோடு நின்று, ரெண்டு கெழட்டுச் சாமியளும் வெளிய வாங்க என்று சத்தம் போட்டாள். ஒரே ஆட்டோவில் எங்கள் இருவரையும் ஏற்றி, குருசாமியையும் பஞ்சர் கடையிலிருந்து கையும் கிரீஸுமாக இழுத்துப்போட்டு, நேராக ஐந்தருவி.

கரையில் வைத்துக் குருசாமி இருவருக்கும் சரணம் சொல்லி மாலையைக் கழற்றினார். கழுத்து வெறிச்சென்று ஆகிவிட்டது. அவன் அருவியைப் பார்த்தான், நான் வாழைக்காய் பஜ்ஜிக் கடையைப் பார்த்தேன். இனி சாமி என்று கூப்பிட முடியாது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வாயில் கைவிட்டு, அப்புறம் புதிதாகக் கட்டிய பல்செட்டைக் கழற்றி, ஏலே சைலம், இந்தா, பத்திரமா வச்சுக்கோ என்று நீட்டினேன். பல் இல்லாததால் அது என்ன சத்தமாக வந்ததோ தெரியாது. அவன் இரண்டு கையாலும் பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, சரி அண்ணாச்சி என்றான். குளிக்கவே இல்லை அவன். நான் வருகிற வரைக்கும் கைக்குட்டையைப் பிடித்தபடி கரையிலேயே நின்றான். சிரிக்கவும் இல்லை. ஈரத்தோடு வந்து அவன் நிற்பதைப் பார்த்ததும் எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவனுக்கு, அப்புறம் இருவருக்கும் கண்ணில் தண்ணீர். அருவித் தண்ணீர் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

சர்க்கரை நூற்றறுபதுக்கு வந்திருக்கிறது. அன்று மத்தியானம் அண்ணனும் தம்பியும் எத்தனை புரோட்டா சாப்பிட்டோம் என்று கேட்காதே. நீ விரதம் ஏதும் இல்லாமலே காலைச் சாப்பாட்டை விடுகிறாயாம், அது நல்லதில்லை. மாப்பிள்ளைக்கு ரசத்தில் மிளகைக் குறைத்துப் போடு, மனிதர் அழுதுகொண்டே சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சித்தப்பாவுக்குப் போன் செய், ஆறு வருஷமாக என் மூஞ்சிக்காக நீயும் பேசாமல் இருந்தாய். இருவரும் நீண்ட ஆயுளோடு, சொந்தப் பல்லோடு, நன்றாக இருக்க என் ஆசீர்வாதம்.

இனி உறையைப் பிரிக்கலாம். உன் அம்மா செல்போனில் எடுத்தது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். வாயெல்லாம் ஈறாகச் சிரிப்பவன் நான். கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பவன் என் தம்பி. உன் கல்யாண ஆல்பத்தில் கடைசிப் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அதில் ஒட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்கு இப்போதுதான் சிரிக்கும் அப்பா,
குத்தாலிங்கம்