கோச் கொண்டுபோன நீலப் பாத்திரம்

சாகினா, மிச்சிகன்
19 செப்டம்பர் 1996

மதிப்பிற்குரிய திருமதி மேப்ரி அவர்களுக்கு,

நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்ட கோழிவறுவலின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. மிச்சமிருந்த பீச் பழ இனிப்பைப் பாத்திரத்தோடு தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். பாதியைக் காரிலேயே தீர்த்துவிட்டேன். இப்போது விமான நிலையத்தில் மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் மகன் கர்ட்டிஸைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. அவன் உயரம் எங்கும் கிடைக்கும். பந்து கையில் இல்லாதபோது ஆடுகளத்தை அவன் பார்க்கிற பார்வை கிடைக்காது. மற்ற கல்லூரிகளிலிருந்து அவனைத் தங்கள் அணிக்குக் கூப்பிட்டு அச்சடித்த கடிதங்கள் வரும். நான் கையால்தான் எழுதுவேன். தபால்காரர் அலுத்துக்கொண்டால் பொறுத்தருள்க.

டேல் புரூக்கர்
கூடைப்பந்து அணித் தலைமைப் பயிற்சியாளர்
ஆல்டர் ரிவர் கல்லூரி, அயோவா


30 செப்டம்பர் 1996

கோச் அவர்களுக்கு,

அந்த நீலக் கண்ணாடிப் பாத்திரம் சர்ச் விருந்துகளுக்குப் போய்வருவது. அதனால்தான் அடியில் பிளாஸ்திரி ஒட்டி என் பெயரை எழுதியிருக்கிறேன். எங்கே போனாலும் வீடு திரும்பிவிடும்.

என் மகன் எத்தனை பாயிண்ட் போடுவான் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் இறங்கிப் போய்விட முடியாது. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். பதினொரு வருஷத்தில் ஐந்து கல்லூரி மாறியிருக்கிறீர்கள். கர்ட்டிஸின் அப்பா பெட்டியோடு போனதை அவன் ஜன்னலில் நின்று பார்த்தவன். இன்னொருவர் போவதையும் அவன் பார்க்க வேண்டாம்.

அவன் பட்டம் வாங்கும் நாள்வரை நீங்கள் அங்கே இருப்பீர்களா? ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

வெர்னா மேப்ரி


5 அக்டோபர் 1996

திருமதி மேப்ரி அவர்களுக்கு,

ஆம்.

பாத்திரம் என் அலுவலக அலமாரியில் இருக்கும். பட்டமளிப்பு நாளில் நானே கையில் கொண்டுவந்து தருவேன்.

டேல் புரூக்கர்


12 ஜனவரி 1998

கோச் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கோபமாக இருக்கிறேன். நேற்று கர்ட்டிஸ் போன் செய்தான். "அம்மா, ஏழு மேட்ச்சா பெஞ்ச்சுலயே உக்காந்திருக்கேன். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றான். "கோச்சுகிட்ட போய்க் கேளுடா" என்றேன். "அவர் எங்கம்மா நிக்கறாரு? பேசிக்கிட்டே நடப்பாரு, கூடவே ஓடணும்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கோபம் தீரவில்லை.

வெர்னா மேப்ரி

பி.கு. பாத்திரம் சுகமா?


அணியின் பேருந்திலிருந்து, நெப்ராஸ்கா
19 ஜனவரி 1998

திருமதி மேப்ரி அவர்களுக்கு,

அவன் சொன்னது சரி. என்னால் ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. ஜெயித்தால் அடுத்த மேட்ச் நினைப்பு, தோற்றால் போன மேட்ச் நினைப்பு. என் மனைவி இதைச் சொல்லியே பிரிந்துபோனாள்.

கர்ட்டிஸின் இடது கை ஆட்டம் இன்னும் தயாராகவில்லை. ஆகட்டும். பிப்ரவரியில் இறக்குகிறேன். பெஞ்ச்சில் என் பக்கத்து நாற்காலி அவனுடையது, அதையும் அவன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பாத்திரம் அலமாரியில் சுகம். தினமும் பார்க்கிறேன்.

டேல்


2 ஏப்ரல் 1999

கோச் அவர்களுக்கு,

பேருந்து டெப்போவில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஓட்டிஸ்தான் கூப்பிட்டார். "வெர்னா, இங்க வா. இது உன் பையனோட கோச்சுதானே? அரிசோனாவுக்குப் போறாராமே, பெரிய எடத்துக்கு!" கையில் காபியோடு நின்றேன்.

வீட்டுக்கு வந்து கர்ட்டிஸுக்கு போன் செய்தேன். அவனுக்கும் அப்போதுதான் தெரியும். விடுதி ஹாலில் மற்ற பையன்களோடு அதே டி.வி.யைப் பார்த்திருக்கிறான். "பரவால்லம்மா" என்றான். அவன் அப்பா போன அன்றும் இதைத்தான் சொன்னான். அப்போது அவனுக்கு ஆறு வயது.

வெர்னா மேப்ரி


11 ஏப்ரல் 1999

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தேசியப் போட்டியில் இரண்டு மேட்ச் ஜெயித்ததும் அரிசோனாக்காரர்கள் கூப்பிட்டார்கள். யோசிக்க ஒரு நாள் தந்தார்கள். பையன்களிடம் நானே சொல்வதற்குள் செய்தி வெளியே போய்விட்டது. இருபது வருஷமாக இந்த அழைப்புக்காகத்தான் ஓடினேன்.

கர்ட்டிஸ் என்னோடு வரட்டும். கல்லூரி மாறினால் விதிப்படி ஒரு வருஷம் ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

டேல்


7 பிப்ரவரி 2000

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

இது மூன்றாவது கடிதம். இன்னும் பதில் இல்லை. திட்டியாவது எழுதுங்கள். இங்கே பதினான்காயிரம் பேர் உட்காரும் அரங்கம். தோற்ற மறுநாள் என் வீட்டுப் புல்வெளியில் 'விற்பனைக்கு' என்று யாரோ பலகை நட்டுவிட்டுப் போகிறார்கள். கர்ட்டிஸ் ஆடுகிறானா? செய்தித்தாளில் அவன் பெயரையே காணோம்.

டேல்


லப்பக், டெக்சஸ்
16 ஏப்ரல் 2001

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

முகவரி மாறியதைப் பார்த்திருப்பீர்கள். அரிசோனா முடிந்தது. இங்கே உதவிப் பயிற்சியாளர் வேலை.

கர்ட்டிஸ் அடுத்த மாதம் பட்டம் வாங்குகிறான் என்று கேள்விப்பட்டேன். வரத்தான் நினைத்தேன். மே மாதம் எங்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புதுப் பையன்களைப் பார்க்கிற காலம். அதனால் உங்கள் பாத்திரத்தைப் பார்சலில் அனுப்புகிறேன். மூன்று ஊருக்கும் பத்திரமாகக் கூடவே வந்தது.

டேல்


27 ஏப்ரல் 2001

டேல்,

பார்சல் வந்தது. பாத்திரம் அழகாக இருக்கிறது. நீலமும் கிட்டத்தட்ட அதே நீலம்.

திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்திரியில் என் பெயர் இருக்கிறது. உங்கள் கடிதங்கள் நாற்பத்தேழு என் மேஜை டிராயரில் கிடக்கின்றன. கர்ட்டிஸுக்கு வந்தவை, எனக்கு வந்தவை, நான் பதில் போடாதவை எல்லாமே. எனக்கு வந்த ஒவ்வொரு உறையிலும் என் பெயரின் முதல் எழுத்துக்கு வால் போட்டிருக்கிறீர்கள். இந்தப் பிளாஸ்திரியிலும் அதே வால். நான் போடுவதில்லை.

எப்போது உடைந்தது? அரிசோனாவிலா, அல்லது நீங்கள் தினமும் பார்க்கிறேன் என்று எழுதியபோதேவா? உடைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த இனிப்பைச் சுட்டிருப்பேன். பாத்திரம்தானே. போகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அதுவும் ஒரு நாள் அழுகைதான்.

நீங்கள் விட்டுப்போன அந்த வருஷம் டிசம்பரில் கர்ட்டிஸ் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். "திரும்பப் போகலம்மா. அவரை நம்பித்தானே போனேன்" என்றான். ஜனவரியில் நான் காரை எடுத்தேன். ஒன்பது மணி நேரம். அவனை ஏற்றிக்கொண்டு அயோவா வரை நானே ஓட்டினேன். விடுதி வாசலில், "அவரை நம்பி வந்தே, சரி. இனிமே உன்னை நம்பி இரு" என்றேன். இறங்கிப் போனான்.

இப்போது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. கூடைப்பந்து அணியையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எத்தனை வருஷம் இருப்பாய் என்று நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள். "தெரியாது. போறதா இருந்தா பசங்ககிட்ட நானே மொதல்ல சொல்லிட்டுத்தான் போவேன்" என்றானாம். எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று அவனைக் கேட்டேன், உங்களைக் கூப்பிடட்டுமா என்று. "அவர் வந்தா எங்க உக்காருவாரு? அவருக்குத்தான் உக்காரவே தெரியாதே" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பட்டமளிப்பு மே 12, சனிக்கிழமை காலை பத்து மணி. என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பேன். புதுப் பையன்கள் ஒரு நாள் காத்திருக்கட்டும். வெறுங்கையோடு வாருங்கள்.

வெர்னா