முடி நடவுக்குக் கொடுத்த பெயர்

1966 ஜூன் 5, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகச் சவுரிமுடியைச் சீயக்காய் போட்டு அலசி, கொல்லைக் கொடியில் உள்பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாள் கிணற்றடிக்கு வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும். எட்டு வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடிகின்றன.

வகிடு இப்போது ஒரு விரல் அகலம். நெற்றிக்கு மேலே பூனைமயிர் போலக் கொஞ்சம். பின்னந்தலையில் மட்டும் குறையில்லை. அதை முன்னால் இழுத்து வாரி, சவுரி வைத்துக் கொண்டை போட்டுவிட்டால், ஊருக்கு அமிர்தவல்லி டீச்சர் நல்ல முடிக்காரி.

மாலையில் இவர் கடைத்தெருவிலிருந்து வேர்க்கடலை வாங்கிவந்தார். பொட்டலம் கட்டிவந்த காகிதம் மேஜைமேல் கிடந்தது. நோட்டீஸ். ‘வழுக்கைக்கு விடுதலை. ஆண், பெண் இருபாலாருக்கும். சொந்த முடியையே எடுத்து நடும் அமெரிக்க முறை. மாதம் இரண்டு ஞாயிறு மட்டும், கீழ ராஜ வீதி, மாடியில்.’

கடலை மடித்த காகிதம் என்கிறார். ஒரு மடிப்புத்தான் இருந்தது. உப்பு ஒட்டவில்லை. என் தலையைப் பற்றி இருபது வருஷத்தில் ஒரு வார்த்தை பேசாத மனிதர். நான் பார்க்கட்டும் என்றே வைத்தாரா? கேட்டால் நானல்லவா பேச்சை ஆரம்பித்ததாகும்?

ஜூன் 8, புதன்

தையல் டீச்சர் அடைக்கலமேரியிடமும் அதே நோட்டீஸ் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாதபோது ரவிக்கைத் துணிக்கு நடுவிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அவளுக்கு இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. நான்கு வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டிய வடு. முப்பத்தொரு வயதாகிறது. மூன்று இடம் தட்டிப்போய், இப்போது ஆவூரிலிருந்து ஒரு வாத்தியார் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். வடு இருப்பதை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

“நீங்க சயின்சு படிச்சவங்க டீச்சர். நீங்க சரின்னா போறேன், வேணாம்னா இந்தப் பேச்ச விட்டுர்றேன்” என்றாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுக்காக விசாரிப்பது போலவே முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூன் 12, ஞாயிறு

ஹவ்வா உம்மாள் வீட்டுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கீழ ராஜ வீதிக்குப் போனேன். கீழே சைக்கிள் கடை, பக்கவாட்டில் மாடிப்படி. மேலே கம்பவுண்டர் ஜெகபர் அலி, ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டார். ‘சின்னப்பிள்ளை’ என்று வாயில் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பால் ஊற்றுகிறவளின் பெயர். ஏன் அது வந்தது என்று தெரியவில்லை.

டாக்டர் ஆத்மநாதன் சென்னைக்காரர். வயது நாற்பது இருக்கலாம். அவர் தலையில் காடு மாதிரி முடி. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நகைக்கடைக்காரன் போட்டிருக்கிற மோதிரத்தைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரைக்குப் பின்னால் போய்ச் சவுரியை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எட்டு வருஷத்தில் என் தலையை இன்னொருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விளக்கைக் கிட்டே இழுத்து விரலால் விலக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. உச்சுக்கொட்டவும் இல்லை. “பின்னால நல்லா இருக்கும்மா. அங்கேருந்து பொட்டுப் பொட்டாத் தோலோட எடுத்து முன்னால வைக்கணும். நாற்றைப் பிடுங்கி நடுற மாதிரிதான். மரத்துப்போக ஊசி போட்டுடுவேன். கவலைப்படாதீங்க.”

உங்களிடம் செய்துகொண்டவர் யாரையாவது பார்க்க முடியுமா என்று கேட்டேன். வெளியே சொல்ல மாட்டார்களே அம்மா என்று ஒரு ஆல்பத்தைக் கொடுத்தார். ஆண்கள் நாலைந்து பேர். ஒரு பெண். முதல் படத்தில் தலையில் ஒன்றுமே இல்லை. அடுத்த படத்தில் தோள்வரை முடி. அதே மூக்கு, அதே மூக்குத்தி.

ஜூலை 10-க்குத் தேதி போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13, திங்கள்

நாற்பத்து நான்கு வயது. ‘கவலைப்படாதீங்க’ என்று ஒருவர் சொன்னதற்கு அழுகை வந்ததே — எதற்காக?

ஜூன் 16, வியாழன்

ஒன்பதாம் வகுப்பில் தாவரங்களின் பெருக்கம். ஒட்டு, பதியன், நாற்று. பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று நாற்றங்காலை ஒரு பக்கமும் வயலை ஒரு பக்கமும் போர்டில் வரைந்தேன். வரைந்துகொண்டே இருக்கும்போது கை நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணுக்குப் பின்னந்தலையிலும் முடி இல்லையே. காதோரத்திலும் இல்லை. நாற்றங்காலே இல்லாமல் நாற்றை எங்கிருந்து பிடுங்கினார்?

“டீச்சர், அப்புறம்?” என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். அப்புறம் என்ன எழுதினேனோ.

ஜூன் 26, ஞாயிறு

பள்ளி லேபிலிருந்து பூதக்கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். திருடி மாதிரி. டாக்டர் உள்ளே யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை ஆல்பம் பார்க்க வேண்டும் என்றதும் ஜெகபர் அலி கொடுத்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் காதுக்குப் பின்னால் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக, காய்ந்து வெடித்த சேறு போல. சந்தனம்! பொட்டுக்கு மேலே சின்னதாகக் கத்தி பட்ட கீறல். அவளுக்கு எந்த நோயும் இல்லை. எந்தக் கோயிலிலோ வேண்டுதலுக்கு மொட்டை போட்டு, சந்தனம் அப்பிக்கொண்டு, அது உதிர்வதற்குள் போட்டோவுக்கு நின்றிருக்கிறாள். இரண்டு வருஷமாவது கழித்து அவளையே மறுபடியும் படம் பிடித்திருக்கிறார்கள். முடி வளராமல் என்ன செய்யும்?

இந்த ஊரில் மொட்டையைப் பார்க்காத கண் உண்டா? எனக்கு முதல்நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நம்ப வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு இருந்திருக்கிறது.

ஜெகபர் அலியிடம் கண்ணாடியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “படமெல்லாம் போட்டோக்காரர் குடுத்ததும்மா. மொட்டைக்கும் வழுக்கைக்கும் டாக்டருக்கு வித்தியாசம் தெரியலையா, தெரியாத மாதிரி இருக்காரான்னு நானும்தான் யோசிக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார்.

ஜூன் 28, செவ்வாய்

மேரியிடம் போகாதே என்று சொன்னேன். ஏன் என்றாள்.

ஏன் என்று சொல்ல, நான் அந்த மாடி ஏறியதைச் சொல்ல வேண்டும். எதற்கு ஏறினேன் என்று சொல்ல வேண்டும். ‘எனக்கென்னவோ நம்பிக்கையில்லை’ என்றேன். படித்தவள் பேசுகிற பேச்சா அது?

அவள் என் கொண்டையைப் பார்த்தாள். கோபம் இல்லை. “ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது டீச்சர். இம்புட்டு முடியோட இருக்கிறவங்களுக்கு இது பேராசையாத்தான் தெரியும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பெல் அடித்தது என்று எழுந்து வந்துவிட்டேன். பெல் நான் எழுந்த பிறகுதான் அடித்தது.

ஜூலை 3, ஞாயிறு

கிணற்றடியில் ஹவ்வா உம்மாள் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுல இருந்தீங்களாமே டீச்சரம்மா. ஒங்க வீட்டுக்காரர் கேட்டாரு, ஆமான்னுட்டேன். இனிமே எங்க வீட்டுக்கு வாரதா இருந்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் இவர் ஏன் கேட்டார்?

ஜூலை 10, ஞாயிறு

என் தேதி. போகவில்லை. வர மாட்டேன் என்று ஆளனுப்பவும் இல்லை.

இவரும் வெளியே போகாமல் பேப்பரின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு, “போகலையா?” என்றார். எங்கே என்றேன். “இல்ல… ஹவ்வா உம்மா வீட்டுக்கு” என்று பக்கத்தைப் புரட்டினார்.

எல்லாம் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாக? முதலிலிருந்தேவா?

மேரி ஞாயிற்றுக்கிழமை பூசையை விட மாட்டாள். போயிருக்க மாட்டாள்.

ஜூலை 11, திங்கள்

மேரி வரவில்லை. காய்ச்சல் என்று லீவ் லெட்டர்.

ஜூலை 12, செவ்வாய்

இன்றும் வரவில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

ஜூலை 14, வியாழன்

போனேன். அவள் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

வடு இருந்த இடத்தில் இருபது பொட்டுக்கு மேல் நட்டிருக்கிறார். எல்லாம் கறுத்துவிட்டன. ஓரமெல்லாம் சீழ். பின்னந்தலையில், எடுத்த இடம் வரிசையாகக் குழிகுழியாக. நேற்றுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். தீய்ந்துபோன தோலில் ரத்த ஓட்டம் கிடையாது, அங்கே எதை வைத்தாலும் பிடிக்காது, இது பாறையில் நடுவது போல என்று அங்கே இருந்த டாக்டர் திட்டினாராம். உயிருக்கு ஒன்றுமில்லை. தினம் கட்டு மாற்ற வேண்டும்.

என்னைப் பார்த்ததும் மேரிக்கு வெட்கம். “நீங்க சொன்னத நான் கேக்கல டீச்சர். சும்மா கேட்டுட்டு வருவோம்னுதான் போனேன். பூசை முடிஞ்சு நேரா. அன்னைக்குத் தேதியில்லன்னாங்க. அப்புறம், சின்னப்பிள்ளைன்னு ஒரு அம்மா வரவேண்டியது வரல, அந்த எடத்துல ஒக்காருங்கன்னு ஒடனே ஒக்காத்தி வச்சுட்டாங்க. யோசிக்கக்கூட நேரமில்ல.”

சாத்துக்குடியை உரித்து அவள் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தேன். போதும் டீச்சர், போதும் என்றாள்.

ஜூலை 15, வெள்ளி

அவளுக்கு வந்தது என் இடம். என் ஊசி, என் நாற்காலி.

என் தலையில் வைத்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கும். வடு இல்லாத தோல். இந்த நினைப்பு வந்தது. வந்ததை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். இப்படிப்பட்டவள்தான் நான்.

ஜூலை 19, செவ்வாய்

மேரியின் அண்ணன் ஹெல்த் ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார். டாக்டர் பதில் அனுப்பிவிட்டாராம். அந்த அம்மா தானாகவே வந்தார்கள், பலன் நிச்சயமில்லை என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன், படம் எதுவும் காட்டி நான் யாரையும் கூப்பிடவில்லை, என்னிடம் ஆல்பமே கிடையாது என்று. மேரி ஆல்பத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது என்கிறாள். ஆனால் ஒருத்தி சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? ஜெகபர் அலியையும் காணோம். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் ஜெகதாப்பட்டினத்துக்கே போய்விட்டார் என்கிறார்கள். பயந்தா, மனசாட்சியா? எனக்கு எது என்று சொல்ல என்ன யோக்கியதை?

ஆவூர்க்காரர்கள் ஆளனுப்பினார்களாம். மேரி, அம்மாவைத் தடுத்துவிட்டு, தானே வாசலுக்கு வந்து தலைக்கட்டோடு நின்று நடந்ததைச் சொல்லி அனுப்பினாளாம். பதில் இன்னும் வரவில்லை.

ஜூலை 23, சனி

நாளை டாக்டர் வருகிற ஞாயிறு. ஹெல்த் ஆபீசர் பத்து மணிக்கு அந்த மாடிக்கே வந்து இரண்டு பக்கமும் விசாரிக்கப்போகிறாராம். பள்ளி விட்டதும் மேரியைப் பார்க்கப் போனபோது சொன்னாள். காய்ச்சல் இல்லை. புண் ஆறிவருகிறது. இனி அந்தக் குழிகளில் முடி வராது என்று தெரிந்துவிட்டது.

“ஆல்பம் இருந்துச்சுன்னு இன்னொருத்தர் வந்து சொன்னா நிக்கும்ங்கிறாரு அண்ணன். அந்தச் சின்னப்பிள்ளைங்கிற அம்மா கண்டிப்பாப் பாத்திருப்பாங்க. பாத்து, ஏதோ தப்புன்னு புரிஞ்சுதானே வராம இருந்திருக்காங்க? நம்ம ஊருக்காரங்களாத்தான் இருக்கணும். ஒங்களுக்குத்தான் எல்லார் வீட்டையும் தெரியுமே. கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்களேன் டீச்சர்.”

விசாரிக்கிறேன் என்றேன். அவளிடம் இதைச் சொல்வது இரண்டாவது தடவை.

“அவங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல” என்றாள், நான் செருப்பை மாட்டும்போது. “தெரிஞ்சவங்க கீழ நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்து இவருக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். மேரி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஆறிவருகிறது என்றேன். இன்னும் ஏதோ கேட்க நினைத்தவர் போலத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோனார். இருபது வருஷமாக அவர் மேல் எனக்குச் சந்தேகம்: ஏன் பேசாமல் இருக்கிறார் என்று. நான் பேசவிட்டேனா என்று இன்றுதான் தோன்றியது.

மேரியின் அம்மா காலைப் பூசைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, சின்னப்பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று சொல்லப்போகிறேன். சொன்னால் அவள் நம்ப மாட்டாள். தலையைக் காட்டினால் நம்புவாள். அதன்பிறகு அவள் என்னோடு வந்தாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, பத்து மணிக்கு நான் அந்த மாடியில் இருப்பேன். கீழே சைக்கிள் கடையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அப்பாக்கள் நிற்பார்கள். நிற்கட்டும்.

இவர் கூடத்தில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறார். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.