வெடித்த சுவருக்கு முன்னால் ஒரு நேர்காணல்

செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஹட்டன் பஜார், மருந்துக்கடைக்கு மேலே என் அறை. மைக் வயர் மறுபடி தகராறு. டேப் சுற்றியாயிற்று.

என் இணையச் சேனலின் வியாழன் நேரலைக்கு ஆள் கிடைத்துவிட்டது: பாக்கியம் அக்கா. வட்டவளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மண் சரிந்து சுவர் வெடித்த லயத்து வரிசை வீடுகளுக்கே எல்லாக் குடும்பங்களையும் திரும்பப் போகச் சொல்கிறது தோட்ட நிர்வாகம். போகமாட்டோம் என்று கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள். முன்னால் நிற்பவர் அக்கா.

நிர்வாகத்துக்காகப் பேசும் பிரதேச சபை உறுப்பினரையும் அழைத்தேன். "அன்னைக்கு வேலை இருக்கு" என்றார். என்றைக்கு என்று நான் இன்னும் சொல்லவேயில்லை.

புதன்
குளிர். கடை முதலாளி மேலே வந்தார். டீ வேண்டாம் என்றார். அப்போதே புரிந்தது.

"சமையல் போடுங்க, பாட்டு போடுங்க. இந்த அரசியல் பேச்சு இங்க வேணாம்மா. என்னய நெருக்குறாங்க."

"யாருங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க."

அப்படியென்றால் அறையே வேண்டாமென்று சாவியைக் கொடுத்துவிட்டேன். கோபம். கொஞ்சம் பயமும்தான்.

நிகழ்ச்சி இல்லை என்று சொல்லத்தான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ரூம் இல்லாட்டி என்னா தங்கச்சி? இங்க வாங்க. அந்தச் சுவர எல்லாரும் பாக்கட்டும்."

வியாழன்
பஸ். பிறகு நடை. சேற்றில் ஒரு செருப்பு போயிற்று.

லயத்து வாசலிலேயே நேரலை. வெடிப்புக்குள் முழங்கைவரை கையை விட்டுக் காட்டினார் அக்கா. பின்னால் மண்டபத்துப் பெண்கள் எல்லாரும். நடுவில் உறுப்பினரின் போன். நேரலை என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்தம்மா சொல்றது பொய். லயம் நல்லாத்தான் இருக்கு."

அக்கா குரலை உயர்த்தவேயில்லை. "அப்ப சரிங்கய்யா. இன்னைக்குப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்து நீங்க இங்க படுங்க. நாங்க கோயில்லயே படுத்துக்குறோம்."

போன் கட். பெண்களின் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வெள்ளி
வெயில்! காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும்போது, அக்காவுக்கு மட்டும் வேலை இல்லை என்றாராம் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு. ஒருத்தரும் மலைக்கு ஏறவில்லை. கூடைகளை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அக்காவுக்கு வேலை. திங்களன்று அதிகாரிகள் லயத்தைப் பார்க்க வருகிறார்கள். அதுவரை யாரும் திரும்ப வேண்டாமாம்.

எனக்கு இன்னும் அறை இல்லை. கடன் வாங்கிய செருப்பு, கடிக்கிறது.

சாயந்தரம் அக்காவின் போன். "திங்கக்கெழம வந்துருங்க தங்கச்சி. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. இந்தத் தடவ வர்றவங்ககிட்ட கேள்விய நான் கேக்குறேன்."