வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது

அன்புள்ள கேப்டனுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் நலத்தை நான் வேலை பார்க்கும் துறைமுகச் சட்டப் பிரிவின் சன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நேற்றைவிட இன்று கூடுதல்.

மனைவி என்பதால் உங்கள் கப்பல் விவகாரத்தில் நான் தலையிடக்கூடாதாம். கோப்பினை என்னிடம் காட்டவில்லை. பக்கத்து மேசையில் உரக்கப் படித்தார்கள்.

அத்தை தினமும் திட்டுகிறார். “உலகத்தையே சுத்தி வந்தவன் வாசல்ல நிக்கிறான். உள்ள விட வக்கில்லாம நீ என்னத்த சட்டம் படிச்ச?” என்கிறார். ஆட்களைக் காப்பாற்றுவதில் சட்டத்துக்குத் தயக்கமே இல்லை, கப்பலை உள்ளே விடவேண்டுமா என்றால்தான் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். “அப்ப அவனை நீந்தி வரச் சொல்லு” என்றார். ஏறக்குறைய அதுதான் சட்ட நிலை. ஆனால் கப்பலை விட்டு நீங்கள் இறங்க மாட்டீர்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

துறைமுகத் தலைவர் கெட்டவர் இல்லை. நுழைவாயிலில் நீங்கள் மூழ்கிவிட்டால் துறைமுகமே அடைபடும் என்று அஞ்சுகிறார். அது நியாயம். உங்கள் ஆபத்தையும் அவர் எடைபோட வேண்டும், அதுவும் நியாயம். எடைபோட அவரிடம் இருப்பதோ தினமும் நீங்கள் வானொலியில் சொல்லும் ஒரே வரி: “சிறு கசிவு, சமாளிக்கிறோம்.”

“உங்க வீட்டுக்காரரே சமாளிக்கிறேங்கிறாரு மேடம். அவரைவிட நான் ஏன் அதிகமா பயப்படணும்?” என்று கேட்டார்.

சமையலறைக் குழாய் ஒழுகியபோதும் இதையேதான் சொன்னீர்கள். கீழ்வீட்டுக்காரர் குடையோடு வந்து கதவைத் தட்டும்வரை சொன்னீர்கள்.

நாளை காற்று வலுக்குமாம். அதனால் உங்களுக்குக் குடிநீர் கொண்டுவரும் படகில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எந்தப் பம்பு நின்றுவிட்டது, தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, உங்கள் ஆட்கள் தூங்கினார்களா, எல்லாவற்றையும் வானொலியில் உள்ளபடி சொல்லுங்கள். ‘ஆபத்து’ என்ற சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மானம் கப்பலேறிவிடும் என்று கவலையா? ஏறட்டும். அந்தக் கப்பல் கரைக்கு வந்தால் போதும்.

யார் விசாரித்தாலும் நானும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லி வந்தேன். இன்று காலை துறைமுகத் தலைவரிடம் மட்டும் “பயமா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, இதே வார்த்தை கப்பலிலிருந்து வரட்டும், பரிசோதகரோடு இழுவைப் படகை நானே அனுப்புகிறேன் என்றார்.

என் பங்கைச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை.

சன்னலருகில் இருக்கும்,
இந்தக் கடிதத்தில் மட்டும் சட்டப் பிரிவைச் சேராத,
உங்கள் மனைவி